செல்வி தங்கமயில், பம்பாய்-17

"எழுதாத இன்லண்ட் லெட்டர் ஒண்ணு வாங்கிட்டு வா. ஒரு எழுத்துக்கூட இருக்கக் கூடாது. பாத்து வாங்கு."

தங்கமயில் என்னிடம் கடைசியாகச் சாதாரணமாகச் சொன்னது இதுதான். 1964 ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எழுதிய இன்லண்ட் லெட்டரை எந்தத் தபாலாபீசிலும் விற்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். என்னைக் குத்துவதற்காகச் சொன்னாள். ஒன்பது நாளாக என்னோடு பேசாமலிருந்தவள் பத்தாம் நாள் வாயைத் திறந்ததால் அந்தக் குத்தலும் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. தலையாட்டிவிட்டு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு மாஹிமுக்கு வேலைக்குப் போனேன். மழை விட்டிருந்தது. அவள் வாசலில் சட்டைக் குவியலை மடியில் போட்டுக்கொண்டு பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் இல்லை.

அவள் என் தங்கை. வயது பத்தொன்பது. தாராவியில் ஒரே அறை கொண்ட எங்கள் கோலியில் நான், அவள், அம்மா முப்பிடாதியம்மாள் மூன்று பேர். அப்பா கண் பார்வை மங்கி ஊரில், நாங்குநேரிப் பக்கம், பெரியப்பா வீட்டில் இருந்தார். எனக்குத் தகரப் பெட்டிப் பட்டறையில் பூட்டு பொருத்தும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சந்தில் உள்ளவர்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதைவிட முக்கியமாக, எதை எழுதக் கூடாது என்பது எனக்குத் தெரியும் என்று பேர்.

அடுத்த கோலியில் இருந்த மதீனா பீவி, மகளைக் கட்டிக்கொடுத்த மேலப்பாளையத்தில் இருக்கும் தன் அக்காவுக்குக் கடிதம் சொல்வாள்.

"அந்த மூதேவி மருமவன்கிட்ட சொல்லச் சொல்லு தம்பி. எம் மவமேல இன்னொரு தடவ கை வெச்சாம்னா, ரயிலேறி வந்து அந்தக் கைய முறிச்சு அடுப்புல வைப்பேன்."

'மருமகப்பிள்ளை மகளிடம் சற்றுப் பொறுமையாக நடந்துகொள்ளும்படி தாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியது' என்று எழுதுவேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்க்கா."

வாசித்துக் காட்டு என்று அவள் கேட்டதில்லை. சந்தில் யாருமே கேட்டதில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் போகிற காகிதத்தில் கோபத்தை அப்படியே எழுதினால் பதில் வருவதற்குள் இரண்டு வீடு உடைந்துவிடும். அதனால் அவர்கள் திட்டித் தீர்ப்பார்கள், நான் மெல்லிசாக்கி எழுதுவேன், ஒட்டி அனுப்புவோம். இது எங்கள் சந்தின் ஏற்பாடு. தங்கமயிலுக்கு இது பிடிக்காது.

"இந்தச் சந்து முழுக்க ஒரே ஆளு பேசுத மாதிரில்லா ஊருல நெனைச்சிருப்பாவ. மதீனாக்காவும் நீதான், கறிக்கடைக்காரரும் நீதான், நம்ம அம்மையும் நீதான். நீயும் ஒரு தொடர்கதைதான் எழுதுத, படம் போடாத கதை."

தொடர்கதை என்பது அவள் வாயில் ஒரு வசவு. அதே சமயம் சனிக்கிழமை தவறாமல் அதைத் தேடிப் போனவளும் அவள்தான். மெட்ராஸில் வியாழக்கிழமை வெளிவரும் வாரப் பத்திரிகை எங்களுக்குச் சனிக்கிழமை வரும். கிங்ஸ் சர்க்கிளில் வானமாமலை என்பவர் பத்திரிகைக் கடை வைத்திருந்தார். பழைய தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி வாடகைக்கும் விடுவார். மாட்டுங்காவின் ஆபீஸ் குடும்பத்துப் பெண்கள் அங்கே நின்று அவர் கொடுப்பதை வாங்கிப் போவார்கள். தங்கமயில் எட்டாவது வரை முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தாராவியிலிருந்து நடந்தே போய், வாங்கும்போதே திட்டுவாள்.

"போன வாரம் குடுத்தீங்களே சார், பன்னிரண்டாம் நம்பர் பங்களா. கொலை செஞ்சது கூடப் பொறந்த ரெட்டைப் பிள்ளையாம். ரெட்டைப் பிள்ளை பொறந்தது பெத்தவளுக்கே தெரியலியாம். மருத்துவச்சி என்ன, கண்ண மூடிக்கிட்டா பாத்தா?"

"நீ படிக்கறதைவிட வையறதுக்குத்தான் வாடகை கொடுக்கறே" என்பார் வானமாமலை. அவருக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் தாராவிப் பெண் என்பதால் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் திரும்ப வாங்குவார். மாட்டுங்காப் பெண்களிடம் பிரித்துப் பார்க்க மாட்டார்.

அந்தப் பங்களாக் கதை படமாகவும் வந்தது. அதில் இரட்டையில் ஒருவன் காமெடியன். கொலைக்கு முன்னால் ஒரு பாட்டு, பின்னால் இரண்டு. "செத்தவன் மூக்குல பஞ்சு வெச்சதால தப்பிச்சோம். இல்லைன்னா அவனும் எந்திரிச்சு ஒண்ணு பாடியிருப்பான்" என்றாள்.

ராஜா காலத்துக் கதை ஒன்று இரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்தது. "மூணு வாரமா குதிரை ஓடிக்கிட்டே இருக்கு. அதுக்குத் தண்ணி காட்டினதா ஒரு வரி உண்டா? இளவரசன் மட்டும் வாரத்துக்கு ஒரு தடவ நெலாவப் பாக்கான்." அது படமானபோது, இளவரசன் ஏறியதும் வெள்ளைக் குதிரை, எதிரி ராஜா ஏறியதும் அதே வெள்ளைக் குதிரை. நெற்றியில் இருந்த கறுப்புப் புள்ளியை அவள் கண்டுபிடித்துவிட்டாள். "ரெண்டு நாட்டுக்கும் சேத்து ஒரே குதிரை வெச்சிருக்கவன் எதுக்குச் சண்டை போடணும்? பங்கு போட்டு ஓட்ட வேண்டியதுதானே?"

கதைகளில் பெண்கள் சாவதுதான் அவளுக்கு ஆகவே ஆகாது. அந்த நாளில் பாதிக் கதைகளில் கதாநாயகி இருமி இருமிச் செத்தாள். சாகும் முன் இரண்டு பக்கம் பேசினாள். "எழுதுதவன் அவளக் கொல்லுதான். படம் எடுக்கவன் பொழைக்க வெச்சுக் கல்யாணம் கட்டி வைக்கான். ரெண்டு பேத்துக்கும் அவள என்ன செய்யன்னு தெரியல. மூச்சு முட்டுதுங்கா, அப்புறம் எப்படி அவ்வளவு பேச்சு வருது?"

இதையெல்லாம் அவள் சொல்வது காஜா எடுத்துக்கொண்டே. ஊசி பிடித்த கையை நீட்டி நீட்டிப் பேசுவாள். கேட்பது அனேகமாக மதீனா பீவி. அவளுக்குப் படிக்கத் தெரியாது. சந்தில் வளர்ந்த மற்றப் பெண்களுக்கு இந்தி வரும், தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். எனவே கதைகள் எல்லாம் அவர்களுக்குத் தங்கமயில் வழியாகவே, அவளுடைய ஏச்சோடு சேர்ந்தே போயின. படத்துக்குப் போனால் மதீனா பீவி அவள் விலாவில் இடித்து, "இந்த எடத்துல நீ என்னமோ ஏசுவியே, என்னது அது?" என்று கேட்பாள்.

அப்படித்தான் 'வேதவல்லியின் வளையல்' வந்தது.

மெட்ராஸில் இருக்கும் ஒரு பெரிய எழுத்தாளர் எழுதிய தொடர். காணாமல் போன கணவனைத் தேடி வேதவல்லி பம்பாய்க்கு வருகிறாள். எங்கள் ஊர் கதையில் வருகிறது என்று முதல் வாரம் சந்தே கூடி உட்கார்ந்தது. தங்கமயில் உரக்க வாசித்தாள். வேதவல்லி ரயிலை விட்டு இறங்கி, 'தாராவி என்னும் சிற்றூரில், மாந்தோப்பின் நடுவே இருந்த ஓலைக் குடிசையில்' தங்குகிறாள்.

வாசிப்பு நின்றது. எங்கள் வாசலுக்கு நேரே தோல் மண்டியின் சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது.

"ஏ மதீனாக்கா, மாந்தோப்பு எங்கன இருக்கு? சொன்னா ரெண்டு மாங்கா பறிச்சிட்டு வந்து ஊறுகா போட்டிருவேன்."

அடுத்த வாரம் இன்னும் மோசம். வேதவல்லி விடியற்காலையில் பம்பாய்க் கடற்கரையில் நிற்கிறாள். 'அலைகளைப் பிளந்துகொண்டு செந்நிறச் சூரியன் மேலெழுந்தான். அவள் வாழ்விலும் விடியுமா?' என்று அத்தியாயம் முடிகிறது.

அவள் சிரிக்கவில்லை. பத்திரிகையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமைதோறும் மதீனா பீவியோடு மாஹிம் தர்காவுக்குப் போவது அவளுடைய வழக்கம். தர்காவுக்குப் பின்னால் கடல். அங்கே நின்று சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத்தான் இருவரும் திரும்புவார்கள். பம்பாயில் கடல் மேற்கே இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள படிப்பு வேண்டாம்.

"இவரு பம்பாய்க்கு வந்ததே இல்ல" என்றாள். "வராட்டி போறாரு. வந்த ஆளு யாருட்டயாவது கேக்கலாம்லா? கேக்கணும்னே தோணலியே. நாம யாரும் இதப் படிக்க மாட்டோம்னு நெனைச்சுத்தான் எழுதியிருக்காரு."

அந்தத் தொடர் ஒரு வருஷம் ஓடியது. பிறகு படமாயிற்று. படத்துக்குப் பெயர் 'வளையல் மீது ஆணை'. மே மாதம் கிங்ஸ் சர்க்கிள் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாக வந்தது. நாங்கள் மூவரும் மதீனா பீவியும் போனோம். எல்லாம் தமிழ்க்கூட்டம், ஆண்டாப் ஹில், காட்கோபரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். திரையில் 'பம்பாய்' என்று எழுத்துப் போட்டு ஒரு கடற்கரையைக் காட்டினார்கள். ஓரத்தில் மெட்ராஸ் கட்டுமரம் இரண்டு. வேதவல்லி வளையலை உயர்த்திப் பிடிக்கிறாள். அதன் வட்டத்துக்குள் கடலிலிருந்து சூரியன் ஏறுகிறது. வயலின்கள் அழுகின்றன. தியேட்டரே கைதட்டியது.

தங்கமயில் எழுந்து நின்றுவிட்டாள்.

"எதுக்குக் கை தட்டுதீங்க? வெளியில போயி பாருங்க, சூரியன் எந்தப் பக்கம் இருக்குன்னு!"

"ஏ, உக்காரும்மா! பைட் ஜாவ்!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள். மதீனா பீவி அவள் தாவணியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அம்மா தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். காட்கோபரில் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தோடு அப்போது தங்கமயிலுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். அவர்களும் கூட்டத்தில் இருக்கக் கூடும்.

திரும்பி நடக்கும்போது அவள் ஒரு வார்த்தை சொன்னாள். "பத்து வருஷமா இங்க கெடக்கவன் அத்தன பேரும் கை தட்டுதான். அத நெனைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது."

ஜூன் மாதம் அந்த வாரப் பத்திரிகையே ஓர் அறிவிப்புப் போட்டது. 'வேதவல்லி: நாவலா, படமா? எது உங்கள் நெஞ்சைத் தொட்டது? வாசகர்கள் எழுதலாம்.' வருகிற கடிதங்களை எழுத்தாளரே படித்து மகிழ்வார் என்றும் இருந்தது.

தங்கமயிலுக்கு அந்தக் கடைசி வரி போதுமாக இருந்தது. பத்திரிகையில் பேர் வர வேண்டும் என்ற ஆசை சந்தில் எல்லோருக்கும் உண்டு, அவளுக்கும் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் கேட்டது வேறு. "தாராவியில இருந்து ஒருத்தி படிச்சா, படிச்சுட்டுக் கண்டுபிடிச்சுட்டான்னு அந்த ஆளுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

மறுநாளைக்குள் முடிக்க வேண்டிய சட்டைகள் நான்கு டஜன் கிடந்தன. கை ஒழியவில்லை. ஆகவே அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அது இது:

'ஐயா, நாவலா படமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் பொய். தாராவியில் மாந்தோப்பு கிடையாது. பம்பாயில் சூரியன் கடலில் உதிப்பது கிடையாது, கடலில் மறையும். இதைச் சொல்ல நான் பெரிய படிப்பு படிக்கவில்லை, வியாழன்தோறும் பார்க்கிறேன். நீங்கள் பார்க்கவில்லை. பார்த்தவர்களைக் கேட்கவும் இல்லை. படம் எடுத்தவருக்காவது கேமரா இருந்தது. ஒரு வருஷம் வாராவாரம் நாங்கள் காத்திருந்து படித்தோம். அடுத்த கதையில் எங்கள் ஊரைப் பற்றி எழுதுவதானால் ஒரு தடவை வந்து பாருங்கள், எங்கள் வீட்டில் சாப்பாடு உண்டு. செல்வி தங்கமயில், பம்பாய்-17.'

"வாசி" என்றாள். வாசித்தேன். "இப்படியே போடு. சாப்பாட்டு வரிய விட்டிராத."

அம்மா அடுப்பிலிருந்து தலையைத் திருப்பி, "எய்யா, காட்கோபர்காரங்க அந்தப் பத்திரிகைதான் வாங்குதாங்க. பொய்யின்னெல்லாம் எழுதினா, பொண்ணு வாயாடின்னு விட்டிருவாங்கய்யா" என்றாள்.

"விடட்டும்" என்றாள் தங்கமயில். "வேதவல்லியக் கட்டிக்கிடச் சொல்லு."

மறுநாள் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் நல்ல பிரதி எடுக்க உட்கார்ந்தேன். என்ன செய்தேன் என்பதை மெல்லிசாக்காமல் எழுதுகிறேன். அம்மா சொன்னது காதில் இருந்தது, உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணம் அல்ல. பேனாவை எடுத்ததும் கை தன் பழக்கத்துக்குப் போயிற்று. 'பொய்' என்று எழுத வரவில்லை. மதீனா பீவியின் மருமகனுக்கு எழுதுவது போலவே அந்த எழுத்தாளருக்கும் எழுதினேன். இப்படி எழுதினால்தான் போடுவார்கள், அவள் பேர் அச்சில் வரும், பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாந்தோப்பு போயிற்று. சாப்பாடு போயிற்று. சூரியன் மட்டும் நின்றது. ஆனால் திரும்பி நின்றது.

மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை, அவளும் நானும் வானமாமலை கடைக்குப் போனோம். அவர் தூரத்திலிருந்தே பத்திரிகையை ஆட்டினார்.

"வாம்மா எழுத்தாளி! போட்டுட்டான்!"

அவள் ஓடினாள். கடைக்கு முன்னால் மாட்டுங்காப் பெண்கள் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி விலகி வழி விட்டாள். வானமாமலை பக்கத்தைப் பிரித்து நீட்டிக்கொண்டே சொன்னார்:

"எல்லாம் நன்னாத்தான் இருக்கு. ஆனா ஏம்மா, நம்ம சமுத்திரத்துல சூரியன் உதிக்கறதா? நான் முப்பது வருஷமா இங்கே இருக்கேன், ஒரு நாள்கூடப் பாக்கலையே!"

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "தாராவியில உதிக்கும் போலிருக்கு" என்றாள்.

தங்கமயில் படித்தாள். நான்கே வரி. 'நாவலும் படமும் இரு கண்கள் போன்றவை. குறிப்பாக, பம்பாய்க் கடலில் சூரியன் உதிக்கும் காட்சி என் நெஞ்சை விட்டு என்றும் அகலாது. பம்பாய்வாசிகளான எங்களுக்கு இது பெருமை. செல்வி தங்கமயில், பம்பாய்-17.'

இரண்டு தடவை படித்தாள். பிறகு பத்திரிகையை மடித்து வானமாமலையிடமே கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னால் போனேன்.  ரயில் பாலம் தாண்டியதும் திரும்பினாள்.

"அந்த ஆளு பம்பாயப் பாக்காம எழுதினான். நீ பாத்துட்டு எழுதியிருக்க. ரெண்டுல எது மோசம்னு சொல்லு."

"ஏட்டி, நான் ஒனக்காகத்தான்…"

"எனக்காகன்னா எம் பேர எதுக்குப் போட்ட? ஓம் பேரப் போட வேண்டியதுதானே? எம் பேருல நீ யாருட்டப் பேசின?"

கேட்டுவிட்டு அவள் முன்னால் நடந்துவிட்டாள். 

சந்தில் ஒரே கொண்டாட்டம். மதீனா பீவி அல்வா வாங்கி வந்தாள். அம்மா யாரிடமோ அந்தப் பத்திரிகையை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். காட்கோபர்க்காரர்கள் ஆள் அனுப்பினார்கள்: பெண் அடக்கமாக, அழகாக எழுதியிருக்கிறாள், ஆடி கழிந்ததும் வந்து பார்க்கிறோம் என்று. அம்மா இதைச் சொன்னபோது தங்கமயில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அவுகளுக்குப் பிடிச்சது என்னைய இல்ல, அண்ணனத்தான். சீல கட்டி அவனயே உக்கார வை."

அதற்குப் பிறகு என்னிடம் பேச்சில்லை. ஒன்பது நாள். பத்தாம் நாள்தான் இன்லண்ட் லெட்டர் கேட்டது. என் எழுத்துப் பட்ட காகிதத்தை அவள் தொட விரும்பவில்லை, தானே எழுத நினைத்தாள்.

வாங்கினேன். மழைக்கு நனையாமல் மெழுகுத்தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆறு மணிக்கு வந்தேன். சந்தில் ஆட்கள் நின்றார்கள். மத்தியானத்திலிருந்து அவளுக்கு வாந்தியும் பேதியும். நான் வரும்போது கண் உள்ளே போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த மாதம் எங்கள் பக்கத்தில் அது நாலாவது காலரா. அவள் கதைகளில் வருவது போல ஒன்றும் பேசவில்லை. என் மேல் கோபம் தீர்ந்ததென்றோ தீரவில்லையென்றோ சொல்லவில்லை. "தண்ணி" என்று மூன்று தடவை சொன்னாள். மறுநாள் காலை பத்து மணி. அவள் சொன்னது சரி. மூச்சு முட்டும்போது பேச்சு வராது.

துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் கதைபோலவே பேசினார்கள். பூ உதிர்ந்துவிட்டது என்றார் ஒருவர். விளக்கு அணைந்துவிட்டது என்றார் இன்னொருவர். அவள் இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும். அம்மா சுவரோடு சாய்ந்தபடி சொன்னாள்: "ஒடம்புக்கு ரொம்ப முடியலன்னு மட்டும் எழுது எய்யா. அப்பா தாங்க மாட்டாக. மெள்ளச் சொல்லிக்கிடலாம்." சந்தில் சாவுக்கு அப்படித்தான் எழுதுவோம். நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன்.

'தங்கமயில் புதன்கிழமை காலை பத்து மணிக்கு இறந்துவிட்டாள்' என்று எழுதினேன். அம்மாவுக்கு வாசித்தும் காட்டினேன். நான் எழுதியதை யாருக்காவது வாசித்துக் காட்டியது, அவளுக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. அம்மா என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி எறிந்தாள். அதைத் தேடி எடுத்து மேல்விலாசம் எழுதினேன்.

அவள் கேட்ட இன்லண்ட் லெட்டர் சட்டைப்பையிலேயே இருந்தது. பதினாறாம் நாள் கழிந்ததும் அதை எடுத்தேன். அவள் சொல்ல நான் எழுதிய முதல் காகிதத்தைக் கிழிக்காமல் வைத்திருந்தேன். அதைப் பார்த்து, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் எழுதினேன். 'இரண்டும் பொய்.' சாப்பாட்டு வரியையும் எழுதினேன். கீழே, 'முன்பு இந்தப் பெயரில் அச்சானது நான் திருத்தி எழுதியது, அவள் சொன்னது அல்ல. கோமதிநாயகம், அண்ணன்' என்று சேர்த்தேன். அவள் இறந்ததை எழுதவில்லை. எழுதினால் இரக்கப்பட்டுப் போடுவார்கள்.

நாலு சனிக்கிழமை பார்த்தேன். வரவில்லை. ஐந்தாவது வாரம் அட்டையில் எழுத்தாளரின் படம் போட்டிருந்தார்கள். நெற்றியில் விரல் வைத்து யோசித்துக்கொண்டிருந்தார். புதிய தொடர் ஆரம்பம். கதை கல்கத்தாவில் நடக்கிறது. அங்கே கடல் எந்தப் பக்கம் என்று யாரைக் கேட்டாரோ.

"போட மாட்டான்ப்பா" என்றார் வானமாமலை. "மெட்ராஸ்காரனுக்குச் சமுத்திரம்னா கிழக்குதான்." பிறகு உள்ளேயிருந்து ஒரு பைண்டு புத்தகத்தை எடுத்துத் தந்தார். வேதவல்லி. அவள் வாடகைக்கு எடுத்துத் திருப்பியது. அந்தச் சூரியன் வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'மேற்கு' என்று எழுதியிருந்தாள். பிரித்துப் பார்த்து வாங்குகிறவர் அதைக் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

சந்தில் இப்போது யாரும் என்னிடம் கடிதம் எழுத வருவதில்லை. அந்தச் செப்டம்பரில் மதீனா பீவி வழக்கம்போல வந்து, மருமகன் கையை முறித்து அடுப்பில் வைப்பதாகச் சொன்னாள். அப்படியே எழுதினேன். ஒரு மாதம் கழித்து மேலப்பாளையத்திலிருந்து பதில் வந்தது. யாரிடமோ வாசிக்கக் கொடுத்துக் கேட்டுவிட்டு நேரே எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"ஏ தம்பி, நான் சொன்னா நீ அப்படியே எழுதிருவியா? புத்தி எங்க போச்சு ஒனக்கு? எங்கக்கா எம் மூஞ்சியில முழிக்க மாட்டேங்கா!"

"நீங்க சொன்னதுதானேக்கா."

"சொல்லுதது வேற, எழுதுதது வேற! பச்சப் பிள்ளைக்குத் தெரியும் இது!"

ஆறு மாதம் பேசாமலிருந்தாள். ஆனால் மருமகன் அதற்கப்புறம் கை நீட்டவில்லை என்று வேறு வழியாகத் தெரிந்தது.  பக்கத்துச் சந்தில் ஒருவர் கடிதம் எழுதித் தருகிறார். எல்லோரும் அங்கேதான் போகிறார்கள்.

இந்த வருஷம், 1966 தை மாதத்தில் 'வளையல் மீது ஆணை' மறுபடியும் ஞாயிறு காலைக் காட்சிக்கு வந்தது. மதீனா பீவி தானாகவே வந்து, "வா தம்பி, போவோம்" என்றாள். பிரிண்ட் தேய்ந்து திரையில் மழை பெய்தது. அதே கட்டுமரம், அதே வயலின். சூரியன் ஏறியது. கை தட்டினார்கள், முன்னைவிடக் குறைவு.

மதீனா பீவி என் விலாவில் இடித்தாள். "இந்த எடத்துலதான் அவ ஏசுவா" என்றாள். பிறகு, "நீ ஏசு" என்றாள்.

எனக்கு எழுந்து நிற்கத் துணிவு வரவில்லை. உட்கார்ந்தபடியே, பக்கத்து வரிசைக்குக் கேட்கும்படி, "பொய்" என்றேன். யாரோ 'உஸ்' என்றார்கள்.

அன்று சாயங்காலம் மாஹிம் தர்காவுக்குப் பின்னால் போய் நின்றேன். ஆறேகால் மணி வாக்கில் சூரியன் கடலுக்குள் இறங்கியது. பம்பாயில் அது அந்தப் பக்கம்தான்.